ஒல்லி மாமா வரவில்லை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஒரு ஃபைல் இடம் மாறியிருந்தால் போதும், அன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் தலைகாட்ட மாட்டார்கள். "அம்மா தாயே, நீங்களே தேடி எடுத்துக்கோங்க" என்று சாவியை மேசையில் வைத்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட என்னைத்தான் கண்காணிப்பாளர் கூப்பிட்டு, கருவி அறைக்கு மேற்பார்வையாளராகப் போகச் சொன்னார். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற கத்தி, கத்திரி, கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்தில் வைத்து எடுத்து அனுப்புகிற இடம் அது. "அங்க எல்லாம் வாய்வார்த்தையிலயே ஓடுது. மூணு மாசத்துல தரச்சோதனைக்கு ஆள் வர்றாங்க. நீங்க போனாத்தான் ஒரு வழிக்கு வரும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கருவி அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. நடுவில் நீளமான எஃகு மேசை, அதன்மேல் பச்சைத் துணி, தலைக்குமேல் பெரிய பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு. மூலையில் இரண்டு நீராவி இயந்திரங்கள் நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். சுத்தமான தட்டுகள் மேலே தியேட்டருக்குப் போவதற்கென்று சுவரில் ஒரு குட்டி லிஃப்ட். ஆறு பேர் வேலை செய்தார்கள். அந்த ஆறு பேரில் ஒருத்திதான் தட்டக்கா.

தட்டு அடுக்குகிற அக்கா, அதனால் தட்டக்கா. ஓய்வுபெறப் போகிற பெரிய சர்ஜன்கூட அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்கு முப்பத்து நாலு வயது. எனக்கு நாற்பத்தாறு. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளை நான் அக்கா என்று கூப்பிடுவதா? நல்ல கதை! "இந்தாம்மா" என்று ஆரம்பித்தேன், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

முதல் நாள் அவள் பெரிய வயிற்றுத் தட்டு அடுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தட்டுகளிலேயே பெரியது அது. வயிற்றைத் திறந்து செய்கிற பெரிய ஆபரேஷன்களுக்கு உரியது. ஐம்பத்தெட்டுக் கருவி. பார்வைக்குப் பாதி கருவிகள் ஒன்றுபோலவே இருக்கும். அவள் தன் மாமியார் குக்கர் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே கையை ஓட்டினாள். நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு பேச்சை நிறுத்தி, தட்டை ஒருதரம் உற்றுப் பார்த்து, "எல்லாரும் வந்தாச்சு" என்றாள்.

"யாரு வந்தாச்சு?" என்றேன்.

"குடும்பம் மேடம்" என்று சிரித்தாள். "இந்தத் தடியா உக்காந்திருக்கறவர் தாத்தா. இது பெரியம்மா, இது சித்தி, மூக்கு மட்டும்தான் வித்தியாசம். இந்த ரெண்டு பேரும் நாத்தனாருங்க, பக்கத்துல பக்கத்துல வெக்கக் கூடாது, சிக்கிக்குவாங்க. கடைசில ஒல்லியா, நெட்டையா, தலையைத் திருப்பிக்கிட்டு நிக்கறாரே, அவர் ஒல்லி மாமா. குடும்பமா நின்னு போட்டோ எடுக்கறப்போ ஒருத்தர் இல்லன்னா தெரியாதா மேடம்?"

"இது ஆஸ்பத்திரியா, உங்க வீட்டு ஆல்பமா?" என்று கேட்டேன். மற்ற ஐந்து பேரும் குனிந்துகொண்டார்கள். அவள் மட்டும், "ரெண்டும்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை இழுத்தாள்.

நான் சும்மா இருப்பேனா? ஒரே வாரத்தில் பழைய கைப்பிரதிப் பட்டியல்களையெல்லாம் தேடி எடுத்தேன். யாரோ எப்போதோ எழுதி, எண்ணெய்க் கறை படிந்து, அலமாரிக்குப் பின்னால் கிடந்தவை. அவற்றை நானே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் அடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கட்டம், கீழே மொத்த எண்ணிக்கை, அதற்கும் கீழே என் கையெழுத்து. இனி ஒரு கருவியை வைத்ததும் ஒரு டிக். பட்டியலில் இருப்பது தட்டில் இருக்கவேண்டும், இல்லாதது இருக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

மறுநாளே தட்டக்காவின் வயிற்றுத் தட்டில் ஒன்று கூடுதலாக இருந்தது. பட்டியலில் மொத்தம் ஐம்பத்தேழு, அவள் தட்டில் ஐம்பத்தெட்டு. கூடுதலாக இருந்தது அந்த ஒல்லி மாமா. நீளமான, நுனி செங்குத்தாகத் திரும்பிய கிளாம்ப்.

"மேடம், இவருக்கு இடம் இருக்கு" என்றாள்.

"லிஸ்ட்ல இருக்கா?"

அவள் பட்டியலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கிளாம்பை எடுத்து, உபரிக் கருவிகளுக்கான இழுப்பறையில் போட்டேன். நான்காம் நாள் மறுபடியும் அதே ஒல்லி மாமா, மறுபடியும் அதே பேச்சு. "ஒருதரம் சொன்னா மண்டைல ஏறாதா?" என்று கத்தினேன். எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதன்பிறகு அவள் தட்டும் ஐம்பத்தேழு ஆகிவிட்டது. என் அதிகாரம் செல்லுபடியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் போடும் டிக்குகள் என் கண்ணை உறுத்தின. மற்றவர்கள் டிக் வரிக்கு வரி ஒவ்வொரு மாதிரி இருக்கும். இவளுடையது எல்லாம் ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டதுபோல் இருந்தது. ஒருநாள் வேண்டுமென்றே வயிற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் எலும்புத் தட்டின் பட்டியலை வைத்தேன். சுத்தியல், ரம்பம் என்றெல்லாம் எழுதியிருக்கும் பட்டியல் அது. அத்தனை வரிக்கும் டிக் போட்டு நீட்டினாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"உனக்குப் படிக்கத் தெரியாதா?" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் கேட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவள் கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தாள். "ஒவ்வொரு எழுத்தா நின்னா எனக்குத் தெரியும் மேடம். சேர்ந்து நின்னா இடம் மாறி மாறி நிக்கும். ஒரு வரி முடிச்சு அடுத்த வரி தேடறதுக்குள்ள எங்க இருந்தேன்னே தெரியாது. டிக் போட்டது தப்புதான். எல்லாரும் போடறாங்களேன்னு நானும் போட்டேன்."

பிறகு கதை ஒவ்வொன்றாக வந்தது. கொஞ்சம் அவள் சொன்னது, கொஞ்சம் தியேட்டரின் தலைமை நர்ஸ் சொன்னது. ஒன்பது வருஷம் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். மக்கு என்பது அவளுக்குப் பெயராகவே இருந்திருக்கிறது. பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நிற்க வைப்பார்களாம். "வெளிய நின்னு நின்னு, எதிர்த் தெருவுல எந்த வீட்டு ஜன்னல் எத்தனை மணிக்குத் திறக்கும்னு மனப்பாடம் ஆயிடுச்சு மேடம். அதுல பரீட்சை வெச்சிருந்தா நான்தான் முதல்" என்றாள்.

பத்தொன்பது வயதில் இந்த அறைக்குத் தரை துடைக்க வந்தாள். இரண்டு வருஷம் மேசையைச் சுற்றித் துடைத்தாள். ஒருநாள் தட்டு அடுக்குகிற அம்மாவுக்குக் காய்ச்சல், மேலே ஆபரேஷன் காத்திருக்கிறது, கீழே யாருக்கும் கை ஓடவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு இவள் அடுக்கினாள். அன்றைக்குத் தலைமை நர்ஸ் பிரித்துப் பார்த்தார், ஒன்றுகூடப் பிசகவில்லை. எந்த டாக்டர் இடதுகைக்காரர், யாருக்கு எந்தக் கத்திரி பிடிக்காது, எந்த கிளாம்பின் பல் தேய ஆரம்பித்திருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். புதிதாகக் கட்டிய இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து அவளைக் கூப்பிட்டுப்போய்த் தட்டு அடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் எப்படி என்று கேட்டேன். "எனக்கு வர்ற கடுதாசி எல்லாம் எங்க வீட்டுக்காரர் படிச்சுச் சொல்லுவார். அவர் தொலைக்கற சாவி, கண்ணாடி, பர்ஸ் எல்லாம் நான் கண்டுபிடிச்சுக் குடுப்பேன். யாருக்கு வேலை அதிகம்னு நீங்களே சொல்லுங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சட்டம் சட்டம்தான். பட்டியல் படிக்கத் தெரியாதவரை அந்த மேசையில் விட்டால், தரச்சோதனைக்கு வருகிறவர்கள் அறையையே மூடச் சொல்வார்கள். அவளைக் கழுவுகிற தொட்டிக்கு மாற்றச் சொல்லி அறிக்கை எழுதவேண்டியது என் வேலை. அதை அவளிடமே சொன்னேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பதிமூன்று வருஷம் நின்ற மேசையை ஒருதரம் பார்த்தாள். "தொட்டில நின்னா குடும்பத்தைப் பாக்க முடியாதே மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

என் வீட்டு விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். எனக்கு எட்டு வயதில் ஒரு மகள். படம் வரைந்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம், வாசிக்கச் சொன்னால் அழுகை. வரி தாண்டிவிடுவாள். இல்லாத வார்த்தையைப் படிப்பாள். அவளை ஒரு சோதனைக்குக் கூட்டிப்போகச் சொல்லி வகுப்பு டீச்சர் எழுதிய கடிதத்தை நான் கைப்பையின் அடியில் போட்டு வைத்திருந்தேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. ஆவணப் பிரிவுக்காரி மகளுக்கு வாசிக்க வராதா? சோம்பேறித்தனம் என்றே சொல்லிக்கொண்டேன்.

அறிக்கையை எழுதிய அன்று மாலையும் மகள் ஒரு வரியைத் தாண்டினாள். மூன்றாம் முறை. மரஸ்கேலை எடுத்து உள்ளங்கையில் ஒன்று வைத்தேன். "கண்ணு எங்க இருக்கு? வரி எங்கயாவது ஓடிப்போகுதா?" என்று கத்தினேன். அவள் கையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அறிக்கை கண்காணிப்பாளர் மேசைக்குப் போனது. பதினொரு மணிக்குக் கருவி அறையில் போன் அடித்தது. தலைமை நர்ஸ்.

"நீளக் கிளாம்ப் எங்க? நுனி திரும்பினது! தட்டுல இல்ல! உள்ள ஆழத்துல ரத்தம் வருது, டாக்டர் கையை நீட்டிக்கிட்டு நிக்கறார்!"

"லிஸ்ட்ல இருக்கறதெல்லாம் வெச்சாச்சே சிஸ்டர்" என்றேன். இந்த வாய்தான் அப்படிச் சொன்னது.

"லிஸ்டைத் தூக்கிக் குப்பைல போடுங்க! கிளாம்ப் அனுப்புங்க!"

உபரி இழுப்பறையைத் திறந்தேன். காலி. அங்கே இருந்தாலும் பயனில்லை, நீராவியில் வைத்து எடுக்க முக்கால் மணி நேரம் ஆகும். மற்ற தட்டுகளைப் பிரிக்கலாமென்றால், அத்தனையும் என் பட்டியல்படி அடுக்கியவை. திரும்பினால், தட்டக்கா ஏற்கெனவே அலமாரியின் கீழ்த்தட்டில் கையை விட்டிருந்தாள். துணியில் பொதிந்த, சாண் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு ஒல்லிப் பொட்டலம். அதைக் குட்டி லிஃப்டில் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். போனை என் கையிலிருந்து வாங்கி, "சிஸ்டர், மாமா மேல வர்றார். பொதிஞ்சு வேகவெச்சதுதான், தேதி பாத்துக்கோங்க" என்றாள்.

லிஃப்ட் மேலே போகிற சத்தம் எங்கள் ஏழு பேருக்கும் கேட்டது. பிறகு போனில் தலைமை நர்ஸின் குரல். "வந்துடுச்சு." அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் இல்லை. கடைசியில், "ரத்தம் நின்னுடுச்சு. அக்காகிட்ட சொல்லுங்க" என்றார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் எட்டுப் பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. எங்களிடம் இருப்பது ஒன்பது பெரிய வயிற்றுத் தட்டு. ஒவ்வொரு தட்டிலிருந்தும் என் பட்டியல் வெளியேற்றிய ஒல்லி மாமாவை அவள் இழுப்பறையிலிருந்து எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் தனித்தனியாகப் பொதிந்து, மற்ற தட்டுகளோடு நீராவியில் ஏற்றி, எடுத்து வைத்திருந்தாள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"பேப்பர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன் மேடம். டாக்டருங்க ஏதாவது மாத்தியிருப்பாங்க. ஆனா தினமும் அந்த இடம் காலியாவே இருக்கு, பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது? இவர் எப்பவாவதுதான் வருவார். வந்தா இவர் இல்லாம காரியம் நடக்காது."

பழைய கைப்பிரதிப் பட்டியலை எடுத்தேன். என் பட்டியலைப் பக்கத்தில் வைத்தேன். பழையதில், 'நுனி திரும்பிய கிளாம்ப், குட்டை'. அதற்கு அடுத்த வரி, 'நுனி திரும்பிய கிளாம்ப், நீளம்'. இரண்டு வரியும் ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன. அடிக்கும்போது என் கண் முதல் வரியிலிருந்து மூன்றாவதற்குத் தாவிவிட்டது. பழையதில் மொத்தம் போட்டிருக்கவில்லை. நான் அடித்ததையே கூட்டி ஐம்பத்தேழு என்று போட்டு, கீழே பெருமையாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நான் வரி தாண்டியிருக்கிறேன். பதினெட்டு வருஷம் காகிதத்தோடு குடித்தனம் நடத்திய நான்! அதற்கப்புறம் ஐந்து பேர் இரண்டு வாரம் கண்ணால் பட்டியலைப் பார்த்தார்களே தவிர, தட்டை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்த ஒருத்தியை நான் வாயை மூடச் சொல்லிவிட்டேன்.

தட்டக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "குடிங்க மேடம். முகமெல்லாம் வெளுத்துப் போச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றேன். நீ எப்போது நீங்கள் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

"என்னத்தைக் கேக்க? வரி தாண்டறதைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒம்போது வருஷம் அதைத்தானே செஞ்சேன்" என்று சிரித்தாள். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன்.

தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு வயிற்றுத் தட்டை மேசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். தட்டக்கா திரும்பி நிற்கும்போது நானே ஒரு கருவியை எடுத்து ஒளித்தேன். திரும்பிப் பார்த்து, மூச்சுவிடும் நேரத்தில், "சித்தியை எங்க ஒளிச்சீங்க?" என்றார். மறுபடி, ஒன்றுபோல் இருக்கும் இரண்டை இடம் மாற்றினேன். "நாத்தனாருங்க சண்டை போடுவாங்க, மாத்துங்க." ஏழு தடவை செய்தேன். ஏழும் சரி. அவரைச் சோதிப்பதற்காக இல்லை, சத்தியமாக. பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் போலிருந்தது. ஒரு மனுஷியின் கண்ணுக்குள் இத்தனை பெரிய வீடு இருக்க முடியுமா? என்னால் எட்டு வரி தாண்டாமல் பார்க்க முடியவில்லையே! எனக்குப் புல்லரித்துப்போனது.

நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். என் அறிக்கை அவர் மேசையில்தான் இருந்தது.

"அதைத் திருப்பிக் குடுங்க சார். தப்பு என்னோடது. வரி தாண்டிட்டேன்."

"நீங்களா?" என்றார்.

"நானேதான். அவங்களைத் தொட்டிக்கு அனுப்பணும்னா என்னையும் அனுப்புங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கழுவறோம்."

"தரச்சோதனைக்கு வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"தட்டோட போட்டோ வெச்சுப் பட்டியல் போடறேன். அவங்க தட்டைப் பார்க்கட்டும், இன்னொருத்தர் எழுத்தைப் படிக்கட்டும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் தட்டு மேல போகும். அதுக்கு மேல என்ன பாதுகாப்பு வேணும் சார்?"

அவர் அறிக்கையை நீட்டினார். அங்கேயே கிழித்தேன். பிறகு தரச்சோதனை நடந்தது, வந்தவர்கள் அந்த முறையைத் தங்கள் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார்கள், தட்டக்கா இன்றைக்கும் அதே மேசையில்தான் நிற்கிறார், அதெல்லாம் தனிக்கதை. அன்று மேலே படுத்திருந்தவர் யாரென்று எனக்கும் தெரியாது, தட்டக்காவுக்கும் தெரியாது. பத்தாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார் என்று மட்டும் தலைமை நர்ஸ் சொன்னார்.

"அக்கா, நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு அறையை விட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டாள். மரஸ்கேல் வழக்கமான இடத்தில் இல்லை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அதன் நுனி தெரிந்தது. நான் பார்க்காததுபோல் இருந்தேன். கைப்பையின் அடியிலிருந்து டீச்சரின் கடிதத்தை எடுத்து மேசைமேல், எல்லோரும் பார்க்கும்படி வைத்தேன். பிறகு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா இன்னிக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன்டா" என்றேன். "ஒரு பட்டியல் எழுதினேன். அதுல ஒரு வரியைத் தாண்டிட்டேன். எனக்குத் தெரியவே இல்ல."

அவள் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நீயா?"

"நான்தான். பெரிய தப்பு. ஒருத்தர் உயிருக்கே ஆபத்தாப் போயிருக்கும். வாசிக்க வராத ஒரு அக்காதான் கண்டுபிடிச்சாங்க."

அவள் என் வலது கையை இழுத்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்த கையையும் பார்த்தாள்.

"உன்னை எங்க அடிச்சாங்கம்மா?"

"அடிக்கலடா" என்றேன். "தண்ணி குடுத்தாங்க."

"அவ்வளவுதானா?" என்றாள் அவள், நம்பாமல்.